‘ஞெரு’வை எதில் எழுதுவது? சோனின்கே மொழிக்கு எழுத்தும் விசைப்பலகையும்: ஓர் ஒப்பீடு

மேற்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் சோனின்கே மொழியில் ஏழு என்ற எண்ணை ‘ஞெரு’ என்பார்கள். செனகலில் அச்சான பாடப் புத்தகத்தில் இந்தச் சொல், தலையில் அலைபோல ஒரு கோடு போட்ட ‘என்’ எழுத்தில் தொடங்கும். ஃபலேமே ஆற்றைத் தாண்டி மாலிக்குள் போனால் அதே சொல், இடது கால் வாலாக நீண்டு வளைந்த வேறொரு ‘என்’னில் தொடங்கும். பாரிஸ் புறநகரில் வளர்ந்த பையன் ஊரிலிருக்கும் அத்தைக்குக் கைப்பேசியில் அனுப்பும்போது இரண்டையும் விட்டுவிட்டு, பிரெஞ்சுப் பள்ளிப் பழக்கத்தில் ‘ஜி’யையும் ‘என்’னையும் சேர்த்து அடிப்பான். அந்த அத்தையின் அப்பா குர்ஆன் பள்ளியில் படித்தவரென்றால் அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுவார். ஒரே குடும்பம், ஒரே சொல், நான்கு எழுத்து.

இந்த மொழியில் சிறுவர் வாசிப்பு நூலோ, சொற்பட்டியலோ, ஊர்ச் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கமோ செய்ய உட்காருகிறவர்கள் முதல் நாளே முட்டிக்கொள்ளும் கேள்வி, எதில் எழுதுவது என்பதுதான். எனக்கு எழுத்துரு, விசைப்பலகை வேலையில் பழக்கம் உண்டு. சோனின்கே என் தாய்மொழி இல்லை. ஆகவே எது ‘உண்மையான’ எழுத்து என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. எந்த எழுத்து எந்தக் கருவியில் எப்படி நடந்துகொள்ளும், எதைத் தேர்ந்தால் பின்னால் எவ்வளவு வேலை வைக்கும் என்பதை மட்டும் சொல்ல முடியும். அதற்கு ஒரே ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்கிறேன்: நாளை மனம் மாறினால் திரும்பி வர முடியுமா?

முதலில் மொழியைப் பற்றிக் கொஞ்சம். சோனின்கே மாண்டே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாலியின் மேற்குப் பகுதியில் கய், யெலிமானே, நியோரோ, செனகலில் பகெல், மொரித்தானியாவில் செலிபாபியைச் சுற்றியுள்ள கிதிமாகா, காம்பியாவின் கிழக்கு மூலை என்று பரவிக் கிடக்கிறது. பேசுகிறவர்கள் இருபது லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. வரலாற்றுப் புத்தகங்களில் வரும் பழைய கானாப் பேரரசு இவர்களுடையது. அவர்கள் அதை வகடு என்பார்கள். இன்றைய கானா நாட்டுக்கும் அதற்கும் இடத்தால் தொடர்பில்லை. மாலியில் பெரிதும் புழங்கும் பம்பாரா மொழியைப் பேசுகிறவர்கள் இவர்களை மரக்கா என்கிறார்கள். பழைய பிரெஞ்சு ஆவணங்களில் சரகோலே, காம்பியாவில் சேராகுலே. ஏற்கெனவே வந்த நூல்களைத் தேடுகிறவர் இத்தனை பெயரிலும் தேட வேண்டும்.

ஒலிகளைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது. உயிர் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் உண்டு. அதாவது அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ. அத்தனையும் நம்மிடம் இருக்கிறது. லத்தீன் எழுத்தில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தை இரண்டு முறை எழுதுகிறார்கள். மெய் இரட்டிப்பதும் நம்மைப்போலத்தான்: இரண்டு ‘ஃபில்லோ’, மூன்று ‘சிக்கோ’. ஞகரமும் ஙகரமும் தனித்தனி ஒலிகள். ‘அகம்’ என்று சொல்லும்போது ககரம் உரசிக்கொண்டு வருகிறதல்லவா, அதைவிட இன்னும் கொஞ்சம் தொண்டைக்குள் தள்ளி உரசினால் வரும் ஒலிக்கு ‘எக்ஸ்’ எழுத்தை வைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் உரசாமல் அடைத்து வெடித்தால் ‘க்யூ’. ஏற்றம், இறக்கம் என இரண்டு தொனிகளும் உண்டு. வழக்கமான எழுத்தில் அவற்றைக் குறிப்பதில்லை.

புணர்ச்சியும் உண்டு. மூக்கொலியில் முடியும் சொல்லுக்குப் பின் ‘எக்ஸ்’ வந்தால் அது ‘க்யூ’வாகத் திரியும். மொழியின் பெயரிலேயே இதைப் பார்க்கலாம். மொழி என்பதற்கான சொல் ‘எக்ஸ்’ஸில் தொடங்குகிறது, ‘சோனின்கன்’ என்பதோடு சேரும்போது வாயில் ‘க்யூ’வாகிவிடுகிறது. மூலச் சொல்லைக் காப்பாற்றி ‘எக்ஸ்’ எழுதுகிறவர்களும் உண்டு, ஒலித்தபடி ‘க்யூ’ எழுதுகிற மொழியியலாளர்களும் உண்டு. ஒற்று மிகும் இடத்துக்குச் சண்டை போடுகிற நமக்கு இது புரியாமல் போகாது. இதை உங்கள் குழு முதல் வாரத்திலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். எந்த மென்பொருளும் பின்னால் இதைச் சரிசெய்து தராது.

செனகல் வழியா, மாலி வழியா

செனகல் 1971இல் வோலோஃப், புலார், செரேர், ஜோலா, மண்டிங்கா, சோனின்கே ஆகிய ஆறு மொழிகளை லத்தீன் எழுத்தில் எழுத அரசாணை போட்டது. சோனின்கேயின் எழுத்துக்கூட்டலைத் திருத்தி 2005இல் தனி ஆணை வந்தது. மாலி 1967இல் நான்கு மொழிகளோடு தொடங்கியது; சோனின்கே 1982 ஆணையில் உள்ளே வந்தது. 2023இல் மாலி தன் புதிய அரசமைப்பில் பதின்மூன்று தேசிய மொழிகளை அலுவல் மொழிகளாக்கி, பிரெஞ்சை வேலைமொழி என்ற இடத்துக்கு இறக்கியது. அந்தப் பதின்மூன்றில் சோனின்கேயும் ஒன்று.

இரு நாட்டு எழுத்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உண்மையில் வித்தியாசம் ஞகரம் மட்டும்தான். ஙகரத்துக்கு இரண்டு நாடுகளிலும் வலது கால் கொக்கியாக வளைந்த ‘என்’. ஞகரத்துக்குச் செனகலில் தலைமேல் அலைக்கோடு, மாலியில் இடது காலில் வால். சுருக்கமாக இவற்றை அலை-என், இடக்கால்-என், வலக்கால்-என் என்று சொல்லிக்கொள்கிறேன். பம்பாரா இன்னும் இரண்டு திறந்த உயிரெழுத்துகளைச் சுமக்க வேண்டியிருக்கிறது. புலாருக்குக் கொக்கி வைத்த மெய்கள் தேவை. ஐந்தே உயிரோடு நின்றுவிட்ட சோனின்கேக்கு இரண்டே விசேஷ எழுத்துகள் போதும். அந்த வட்டாரத்தில் இது கொடுத்து வைத்த மொழி.

சரி, ஒரேயோர் எழுத்துத்தானே என்று தோன்றும். ஆனால் கணினிக்குள் அந்த ஒன்று நிறைய விஷயத்தை மாற்றிவிடுகிறது. யூனிகோடில் அலை-என்னின் எண் 241. இது 256க்குக் கீழே இருப்பதால், ஸ்பானிய மொழியின் புண்ணியத்தில், யூனிகோடுக்கு முந்திய மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பிலேயே இடம்பிடித்துவிட்டது. பழைய அச்சுப்பொறி, பழைய கணக்கு மென்பொருள், யாரோ பத்து வருடத்துக்கு முன் செய்த பதிவேடு என எதிலும் பெரும்பாலும் உயிரோடு வெளியே வரும். இடக்கால்-என்னின் எண் 626. யூனிகோடு தெரியாத இடத்தில் இது கேள்விக்குறியாகவோ வெற்றுக் கட்டமாகவோ மாறிவிடும். வலக்கால்-என் 331, அதற்கும் இதே கதிதான்.

குறுஞ்செய்தியில் இந்த வித்தியாசம் காசாகவே தெரியும். கைப்பேசிக் குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. அந்தத் தொகுப்பில் அலை-என் இருக்கிறது. இடக்காலும் வலக்காலும் இல்லை. இல்லாத எழுத்து ஒன்றே ஒன்று நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, அளவு 70 எழுத்தாகச் சுருங்கிவிடும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியவர்களுக்கு இந்த 70 நன்றாகவே தெரியும். தடுப்பூசி நாளையோ சந்தை விலையையோ கிராமங்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிற திட்டத்தில், ஒரு செய்தியாகப் போக வேண்டியது இரண்டு மூன்றாக உடைந்தால் செலவும் அப்படியே பெருகும். ‘ஞெரு’ என்ற சொல் செனகல் வழியில் 160க்குள் அடங்கும், மாலி வழியில் அடங்காது. வலக்கால்-என் வந்தால் இரண்டு வழியும் மாட்டிக்கொள்ளும், வாஸ்தவம். ஆனால் ககரத்துக்கு முன் வரும் மூக்கொலியைச் சாதாரண ‘என்’னாலேயே எழுதிவிடுகிறார்கள், ‘சோனின்கே’ என்ற பெயரே அப்படித்தான் எழுதப்படுகிறது. வலக்கால் தேவைப்படும் இடங்கள் அந்த அளவுக்குக் குறைகின்றன.

தேடலில் பாருங்கள். பல உலாவிகளின் ‘பக்கத்தில் தேடு’ வசதி தலைக்குறிகளைக் கண்டுகொள்ளாது. வெறும் ‘என்’ போட்டுத் தேடினாலே அலை-என் சொற்கள் அகப்படும். இடக்கால்-என்னைக் கணினி முற்றிலும் வேறோர் எழுத்தாகப் பார்ப்பதால் அப்படி அகப்படாது. சிறப்பு விசைப்பலகை இல்லாதவர்கள்தான் பெரும்பான்மை என்கிற நிலையில் இது சின்ன உதவி இல்லை.

மாலி வழி ஜெயிக்கிற இடமும் உண்டு: அகரவரிசை. சோனின்கே வரிசையில் முதலில் ‘என்’, அடுத்து ஞகரம், அதற்கடுத்து ஙகரம். யூனிகோடின் பொது வரிசைமுறை இடக்கால்-என்னைத் தனி எழுத்தாக மதித்து ‘என்’னுக்குப் பின்னாலேயே வைக்கிறது. அலை-என்னை ‘என்’னின் அலங்கார வடிவமாக எண்ணி, ‘என்’ சொற்களுக்கு நடுவே ‘ஞெரு’வைச் செருகிவிடும். அகராதி செய்கிறவர்கள் வரிசை விதியைத் தாங்களே எழுதியாக வேண்டும். எழுத்தின் எண்ணைப் பார்த்து மட்டும் அடுக்குகிற மொட்டை நிரலில் இரண்டு வழியும் கேலிக்கூத்தாகும்: விசேஷ எழுத்துகள் எல்லாம் ‘இசட்’டுக்கும் பின்னால் போய் நிற்கும், மாலி வழியில் ஙகரம் ஞகரத்தை முந்திக்கொள்ளும்.

இன்னொரு பொறி. அலை-என்னை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம். வெறும் ‘என்’னோடு 771 என்ற ஒட்டுக்குறியைச் சேர்த்து இரண்டு எழுத்தாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. நம் ‘கொ’வை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் சேமிக்க முடிவதைப் போன்றது இது. கோப்புகளை ஒன்றாக்கும்போது முதலில் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இடக்கால்-என்னில் இந்தத் தொல்லையே இல்லை.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் திரைக்குச் செனகல் வழி சுகம், அகராதிக்கு மாலி வழி சுகம். ஆனால் என் அளவுகோலுக்கு இந்த இரண்டும் எதிரிகளே இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் இருக்கிறது. 241 வந்த இடத்திலெல்லாம் 626, பெரிய எழுத்தில் 209 வந்தால் 413. இரண்டு வரி நிரல் போதும். போய்த் திரும்பினாலும் ஓர் எழுத்துக்கூடச் சிந்தாது. ஆகவே இந்தச் சண்டையில் ஆறு மாதம் கூட்டம் போடுவது வீண். செனகல் வழியில் எழுதுங்கள், கய்க்கு அனுப்பும் பிரதியை மாற்றி அச்சிடுங்கள்.

பிரெஞ்சுப் பழக்கத்தில் எழுதினால் என்ன?

‘மக்கள் அப்படித்தானே எழுதுகிறார்கள்’ என்று யாராவது சொல்லாத கூட்டம் இருக்காது. உண்மைதான். ஞகரத்துக்கு ‘ஜி, என்’, உரசும் ககரத்துக்கு ‘கே, எச்’, உகரத்துக்கு ‘ஓ, யூ’. ஊர்ப் பெயர்ப் பலகை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் இந்த முறையில்தான். ‘கிதிமாகா’வை நிலப்படத்தில் ‘கே, எச்’ போட்டுத்தான் பார்க்கிறோம். சோனின்கே எழுத்தில் அந்த இடத்தில் ‘எக்ஸ்’. புதிதாக எதையும் கற்க வேண்டாம், எந்த விசைப்பலகையிலும் அடிக்கலாம், குறுஞ்செய்தியில் 160 அப்படியே நிற்கும். முதல் நாள் வசதியை மட்டும் பார்த்தால் இதை வெல்ல ஆளில்லை.

கைவிட வேண்டியதும் இதைத்தான் என்பது என் கட்சி. இந்த முறையில் நெடில் காணாமல் போகிறது. மெய் இரட்டிப்பு ஒருவர் எழுதினால் இருக்கும், அடுத்தவர் எழுதினால் இருக்காது. ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் எழுதுவார். நம் ஊரில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ‘பல்’லா ‘பால்’லா என்று வாக்கியம் முடிந்த பிறகுதான் தெரியும். இப்படிச் சேர்ந்த ஆயிரம் பக்கத்தை நாளை ஒழுங்கான எழுத்துக்கு மாற்ற எந்த நிரலாலும் முடியாது. மொழி தெரிந்த ஒருவர் சொல் சொல்லாக உட்கார வேண்டும். ஒழுங்கான எழுத்திலிருந்து இதற்கு வர ஒரு நிமிடம் போதும். கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்கிறது. காம்பியாக்காரர்களின் ஆங்கிலப் பழக்கத்து எழுத்துக்கும் இதே பதில்தான்.

மெய் இரட்டிப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கூத்து நினைவுக்கு வருகிறது. செனகலில் எழுத்துக்கூட்டல் சட்டமாகவே இருந்தது. அப்போதைய அதிபர் செங்கோர் கவிஞர், அதோடு இலக்கணம் படித்துத் தேறியவர். 1977இல் வந்த ஒரு படத்தின் வோலோஃப் தலைப்பில் ஒரு மெய் இரட்டித்து வந்ததை அரசாணைப்படி பிழை என்று காரணம் காட்டிப் படத்தையே தடுத்துவைத்தார்கள். இயக்குநரும் எழுத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை. உண்மைக் காரணம் வேறு என்று பலரும் சொல்வதுண்டு. இருந்தாலும் ஓர் எழுத்துக்காக ஒரு படம் நின்றது.

அரபு எழுத்து

ஆப்பிரிக்க மொழிகளை அரபு எழுத்தில் எழுதும் மரபை அஜமி என்பார்கள். சோனின்கேக்கு இது நேற்று வந்ததில்லை. மாலியின் பழைய அரபுக் கைப்பிரதிகளில் வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் சோனின்கேயில் பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஏட்டுச் சுவடியில் அருஞ்சொல்லுக்கு உரை எழுதுவதுபோல. லத்தீன் எழுத்து அரசாணையோடு வந்தது, அஜமி பள்ளிவாசல் திண்ணையிலிருந்து வந்தது.

எழுத்தளவில் அஜமிக்கு ஒரு பொருத்தம் உண்டு. லத்தீனில் ‘எக்ஸ்’ஸையும் ‘க்யூ’வையும் வேறு வேலையிலிருந்து இழுத்து வந்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. அரபியில் உரசும் ‘ஃகா’வும் ஆழத்து ‘காஃப்’பும் பிறக்கும்போதே தனித்தனி எழுத்துகள். இடிக்கும் இடம் உயிரெழுத்து. அரபியில் குறி மூன்றுதான். மேற்கு ஆப்பிரிக்க மரபில் எகரத்துக்கு எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்துச் சமாளிக்கிறார்கள். உகரமும் ஒகரமும் பல கைகளில் ஒரே குறியாகவே நின்றுவிடுகின்றன. பகரம், சகரம், ஞகரம், ஙகரம் ஆகியவற்றுக்கு எந்த அரபு எழுத்தைக் கடன் வாங்குவது என்பது உஸ்தாதுக்கு உஸ்தாது மாறும்.

கணினியில் அஜமி அடிப்பதில் புதியவர்கள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. எகிப்திலோ அரேபியாவிலோ மேலே ஒரு புள்ளி வைத்தால் ‘ஃபா’, இரண்டு புள்ளி வைத்தால் ‘காஃப்’. மேற்கு ஆப்பிரிக்காவில் பழகிய, வடமேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மக்ரிபி மரபில் ‘ஃபா’வுக்குப் புள்ளி கீழே, ‘காஃப்’புக்கு மேலே ஒரே புள்ளி. அதாவது கெய்ரோவின் ‘ஃபா’வும் நியோரோ முதியவரின் ‘காஃப்’பும் சொல் நடுவில் வரும்போது பார்வைக்கு ஒன்றேதான்! சோனின்கேக்கு இரண்டு ஒலியும் வேண்டும். கடையில் வாங்கிய அரபு விசைப்பலகையில் நீங்கள் நல்லெண்ணத்தோடு அடித்த ‘ஃபா’வை அவர் ‘காஃப்’ என்று படித்துவிட்டுப் போவார். யூனிகோடில் மக்ரிபி வடிவங்களுக்குத் தனி எண்கள் இருக்கின்றன. 2012க்குப் பிறகு ஆப்பிரிக்க மொழிகளுக்கான அரபு எழுத்துகள் இன்னும் பல சேர்ந்திருக்கின்றன. சிறுபான்மை மொழிகளுக்கு எழுத்துருவும் மென்பொருளும் செய்யும் எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘ஹர்மட்டான்’ எழுத்துரு மேற்கு ஆப்பிரிக்கக் கைக்கு ஏற்ற வடிவத்தில் வரைந்தது. கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. பொது எழுத்துக்கூட்டல்தான் இல்லை.

அளவுகோலை வைத்துப் பார்த்தால் லத்தீனிலிருந்து அஜமிக்குப் போகலாம், உங்கள் குழு ஒரு விதிப்பட்டியல் எழுதிக்கொண்டால். அஜமியிலிருந்து லத்தீனுக்கு வர, உவா ஓவா என்று ஒவ்வொரு இடத்திலும் ஆள் பார்க்க வேண்டும். ஆகவே மூலப்பிரதி அஜமியில் வேண்டாம். ஆனால் உங்கள் வாசகர் பாதிப்பேர் குர்ஆன் பள்ளியில் மட்டும் படித்த பெரியவர்கள் என்றால், லத்தீன் நூலை அவர்கள் கையில் கொடுப்பது கண்ணாடி இல்லாதவருக்குப் பொடி எழுத்துச் செய்தித்தாள் கொடுப்பதுபோல. அவர்களுக்கென்று ஓர் அஜமி பதிப்பை, முதலில் நான்கு பக்கத் துண்டறிக்கையாக, இரண்டு முதியவர்களிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மொரித்தானியாவில் இது வெறும் வசதிக் கேள்வியாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1979இல் அங்கே தொடங்கிய தேசிய மொழிகள் நிறுவனம் புலார், சோனின்கே, வோலோஃப் மூன்றையும் லத்தீனில்தான் பள்ளிகளில் சோதித்தது. 1999 கல்விச் சீர்திருத்தத்தோடு அந்த வகுப்புகள் நின்றுபோயின. அரபு எழுத்து என்றால் அரசு பக்கம், லத்தீன் என்றால் எதிர்ப்பக்கம் என்று படிக்கிற ஆட்கள் அங்கே உண்டு. செலிபாபிக்குப் புத்தகம் போகிறதென்றால் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

என்கோ எழுத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். 1949இல் சொலோமானா கான்ட்டே உருவாக்கியது, அழகானது, 2006 முதல் யூனிகோடில் இருக்கிறது, தொனிகளையும் எழுதிக் காட்டும். ஆனால் அது மண்டிங் மொழிகளுக்காக, பம்பாரா, மனின்கா போன்றவற்றுக்காகப் பிறந்து அவற்றோடு வளர்ந்தது. சோனின்கேயும் மாண்டேக் குடும்பம்தான் என்பதற்காக அதைக் கொண்டுவந்து வைத்தால் படிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். இப்போதைக்கு விட்டுவிடலாம்.

விசைப்பலகையும் எழுத்துருவும்

எழுத்தை முடிவு செய்தாயிற்று, அடிப்பது எப்படி? சோனின்கே வட்டாரத்தில் பாதிக்கு மேல் பிரெஞ்சு விசைப்பலகை. விண்டோசில் அதில் அலை-என் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது: ஆல்ட்-ஜிஆர் விசையோடு 2ஐ அழுத்திவிட்டு ‘என்’ அடித்தால் வந்து நிற்கும். வலக்கால்-என் வராது. அதனால் பலரும் அந்த இடத்தில் வெறும் ‘என்’ போட்டுத் தள்ளுகிறார்கள். அப்புறம் யாரும் திரும்பிப் போய்த் திருத்துவதில்லை.

இதற்கு எளிய வழி, சோனின்கே விசைப்பலகையைத் தேடாமல் பக்கத்து வீட்டு வோலோஃப் விசைப்பலகையைப் போட்டுக்கொள்வது. விண்டோசிலும் லினக்சிலும் அது கூடவே வருகிறது. வோலோஃபுக்கும் அலை-என், வலக்கால்-என், ‘எக்ஸ்’, ‘க்யூ’ எல்லாம் வேண்டும். ஆகவே செனகல் வழிச் சோனின்கேக்கு ஓர் எழுத்துக்கூடக் குறையாது. மாலி வழியில் எழுதுகிறவர்கள் பம்பாரா விசைப்பலகை பக்கம் போவார்கள், அங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். பம்பாராவுக்கு ‘எக்ஸ்’ஸும் ‘க்யூ’வும் தேவையில்லை. விசேஷ எழுத்துக்கு இடம் தேடுகிற வடிவமைப்பாளர் கை முதலில் போவது அந்த மாதிரி சும்மா கிடக்கும் விசைகளின் மேல்தான். சோனின்கேயில் அவை இரண்டும் நாள் முழுதும் அடிக்க வேண்டிய எழுத்துகள். நிறுவுவதற்கு முன் அந்த இரண்டு விசையையும் அழுத்திப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால், விசைப்பலகை உருவாக்க உதவும் கீமேன் மென்பொருளில் சொந்தமாக ஒன்று செய்துகொள்வது ஒரு நாள் வேலை.

கைப்பேசியில் பிரெஞ்சு விசைப்பலகையின் ‘என்’னை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அலை-என் எட்டிப் பார்க்கும். அங்கே பெரிய எதிரி தன்திருத்தம். மொழிப் பட்டியலில் பிரெஞ்சு மட்டும் இருந்தால் நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு சோனின்கே சொல்லையும் பிரெஞ்சாக்கிவிடத் துடிக்கும். அதை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். இணையப் பக்கம் என்றால் நிரலில் மொழிக் குறியீட்டை எஸ்என்கே என்று மூன்றெழுத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டெழுத்துக் குறியீடு இந்த மொழிக்கு இல்லை. அந்தக் குறியீடு இருந்தால்தான் பக்கத்தைப் படிக்கிற மென்பொருள் இதைத் தப்பும் தவறுமான பிரெஞ்சு என்று நினைத்துக்கொள்ளாது.

எழுத்துருவில் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வலக்கால்-என்னின் பெரிய எழுத்துக்கு இரண்டு உருவங்கள் புழங்குகின்றன. வட ஐரோப்பாவின் சாமி மொழியினர் பெரிய ‘என்’னுக்கே கொக்கி மாட்டுகிறார்கள்; ஆப்பிரிக்காவில் சின்ன எழுத்தையே ஊதிப் பெரிதாக்கியதுபோல எழுதுகிறார்கள். யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண், 330. எந்த உருவம் வரும் என்பது எழுத்துருவின் கையில். டைம்ஸ் நியூ ரோமனில் ஐரோப்பிய உருவம்தான் வரும். தலைப்பு முழுதையும் பெரிய எழுத்தில் போடுகிற ஆசிரியர்கள் உண்டு. அட்டையில் அது நின்றால் பகெலில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்பவர் ‘இது எங்கள் எழுத்து இல்லையே’ என்பார். எஸ்ஐஎல்லின் ஆண்டிகா, கரிஸ் இரண்டிலும் இந்த உருவத்தை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கென்றே வரைந்தது ஆண்டிகா. சிறுவர் நூலுக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே ஒட்டாதீர்கள். பாமினியில் அடித்ததை எழுத்துரு மாற்றித் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, செனகல் பிரதியை மாலிக்கு மாற்றுகிற அந்த இரண்டு வரி நிரலை ஓட்டும்போது ஆட்பெயர்களை மட்டும் ஒதுக்கி வையுங்கள். சோனின்கே குலப்பெயர்களில் ஞகரத்தில் தொடங்குவது ஒன்று உண்டு. அடையாள அட்டையில் அதை ‘என், ஐ, ஏ’ என்று ஆரம்பித்து, நடுவில் ‘கே, எச்’ அல்லது வெறும் ‘கே’ போட்டு எழுதியிருப்பார்கள். நூலின் உள்ளே கதாபாத்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தால் உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள். நூலின் மேலட்டையில் ஆசிரியர் பெயராக வந்தால், எப்படிப் போடுவது என்று அவருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.